முதலிடம் சரி, மிச்சப் பிள்ளைகள் எங்கே?

மே மாதம் வந்தால் விருதுநகர் மாவட்டத்துக்கு வெயிலோடு வெற்றிச் செய்தியும் வரும். 2023ஆம் ஆண்டு பிளஸ் டூ தேர்விலே 97.85 விழுக்காடு, மாநிலத்திலேயே முதலிடம்! 2025ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பிலே 97.45 விழுக்காடு, சிவகங்கைக்கு அடுத்த இரண்டாமிடம்! காவிரி பாயும் பூமியா இது? இல்லை. பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் கரிசல் பூமி. வானம் பொய்த்தால் வயிறு காயும் பூமி. அந்த மண்ணின் மக்கள் மாநகரத்தாரை முந்துகிறார்கள் என்றால் மார்தட்டத்தான் வேண்டும். தட்டுவோம்!

தட்டிய கை ஓய்ந்ததும், தோழர்களே, இன்னொரு பட்டியலையும் எடுத்துப் பாருங்கள். உடல்நலம், ஊட்டம், கல்வி, வேளாண்மை, அடிப்படை வசதி ஆகியவற்றைச் சீர்தூக்கி, பின்தங்கிக் கிடக்கும் மாவட்டங்களை 2018ஆம் ஆண்டு நிதி ஆயோக் இந்தியா முழுவதும் பொறுக்கி எடுத்தது. "முன்னேற விழையும் மாவட்டங்கள்" என்று அவற்றுக்கு அழகாகப் பெயரும் சூட்டியது. தமிழ்நாட்டிலே இரண்டே இரண்டு. ஒன்று இராமநாதபுரம். மற்றொன்று? தேர்விலே முந்தி நிற்கும் அதே விருதுநகர்! ஒரு பட்டியலில் தலைவரிசை, இன்னொன்றில் கடைவரிசை. இது என்ன விந்தை?

விந்தை ஒன்றுமில்லை, வெறும் கணக்கு. தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியவரில் தேறியவர் எத்தனை பேர் என்பது. எழுத வராதவரை அது எண்ணாது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: முதல் வகுப்பிலே நூறு பிள்ளைகள் சேர்ந்தார்கள், வழியிலே முப்பது பேர் நின்றுவிட்டார்கள், எழுபது பேர் எழுதி அறுபத்தெட்டுப் பேர் தேறினார்கள். ஏடுகள் என்ன எழுதும்? 97 விழுக்காடு! தாய்மார் கணக்கு என்ன? நூற்றுக்கு அறுபத்தெட்டு! அந்த முப்பது பேர் எங்கே போனார்கள் என்று கேட்க ஆளில்லை. தோற்றவனுக்காவது பட்டியலிலே ஓர் எண் உண்டு. நின்றுவிட்டவனுக்கு எண்ணும் இல்லை, எழுத்தும் இல்லை!

ஒரு காலத்திலே அவர்கள் எங்கே போனார்கள் என்பதை இந்த வட்டாரம் நன்கு அறியும். கோழி கூவுமுன் கிராமத்துக்குள் பஸ் வரும். தூக்கக் கண்ணோடு சிறுவர் சிறுமியர் ஏறுவார்கள். தீப்பெட்டி ஆபீசிலே கட்டை அடுக்கவும், பெட்டி ஒட்டவும், பட்டாசு ஆபீசிலே திரி வைக்கவும் பிஞ்சு விரல்கள் போயின. 1986இல் சட்டம் வந்தது. 1988 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் கீழ் சிறப்புப் பள்ளிகள் வந்தன. சிவகாசிப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கிலே, 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தக் கொடுமை பெருமளவு குறைந்தது. குறைத்தவை சட்டமும், சோறும், பள்ளியும்!

சோறு என்றேனே, அது சும்மா வந்ததன்று. 1920இல் சென்னை ஆயிரம் விளக்குப் பள்ளியிலே நீதிக் கட்சியின் தியாகராயர் மூட்டிய அடுப்பு அது. இந்த மாவட்டத்தின் மைந்தர் காமராசர் அதை நாடெங்கும் மூட்டினார். 1982இல் சத்துணவாயிற்று, 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பசித்தவனைப் பள்ளிக்கு இழுத்த கதை அது.

பள்ளி வந்த கதையோ அதைவிடப் பெரிது. கோயில் கதவை அடைத்தார்கள். 1899இல் சிவகாசியில் வீடுகளைக் கொளுத்தினார்கள். ஒதுக்கப்பட்ட மக்கள் என்ன செய்தார்கள்? வியாபாரத்திலே மகமை ஒதுக்கினார்கள். உலையிலே போடுமுன் ஒரு பிடி அரிசி ஒதுக்கினார்கள். விருதுநகரிலே சத்திரிய வித்தியாசாலையை வளர்த்தார்கள். காமராசர் படித்ததும் அங்கேதான். ஊரார் பணம், ஊரார் நிர்வாகம், ஊரார் பள்ளி!

இதற்குச் சற்று நெருங்கிய ஏற்பாட்டை அமெரிக்காவும் செய்து பார்த்தது. 1991இல் மின்னசோட்டா மாநிலம் சட்டம் இயற்றியது: அரசுப் பணம், தனி நிர்வாகம், தேர்ச்சி காட்டினால் உரிமம் நீடிக்கும், காட்டாவிட்டால் கதவடைப்பு. சார்ட்டர் பள்ளி என்று பெயர். அங்கேயும் ஓயாத வாதம் ஒன்று உண்டு: மதிப்பெண் ஏறியது கற்பித்ததாலா, கழித்துவிட்டதாலா? அங்கே கேட்கும் கேள்வியை இங்கே கேட்டால் குற்றமா?

கழித்துவிடும் கலை நமக்குப் புதிதன்று. 1953இல் ஆச்சாரியார், அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றார். நாடு கொதித்தது, திட்டம் போயிற்று, அவரும் போனார். அந்த ஆவி இப்போது வேறு வாசல் வழியாக எட்டிப் பார்க்கிறது. 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு, தன் பள்ளிகளிலே 5ஆம் வகுப்பிலும் 8ஆம் வகுப்பிலும் தோற்ற பிள்ளையை அதே வகுப்பில் நிறுத்திவைக்க வழி திறந்தது. தமிழ்நாடு மறுத்தது. மறுத்தது நியாயம். பட்டணத்துப் பிள்ளை ஐந்தாம் வகுப்பிலே தோற்றால் டியூஷனுக்குப் போவான். பட்டாசு ஆபீஸ் கூலிக்காரியின் பிள்ளை தோற்றால் எங்கே போவான்?

அவள் உயிரோடு வீடு திரும்பினால் அல்லவா அந்தக் கேள்வியே! 2012 செப்டம்பர் 5. நாடெங்கும் ஆசிரியர் நாள். முதலிப்பட்டியிலே வெடி விபத்து; முப்பதுக்கும் மேற்பட்டோர் பிணமானார்கள். 2021 பிப்ரவரியிலே சாத்தூர் அருகே அச்சங்குளத்திலே மறுபடியும். நிவாரணத் தொகை எழுதும் கை, அந்த வீட்டுப் பிள்ளை அடுத்த சூனில் வகுப்புக்கு வந்தாளா என்றும் எழுத வேண்டாமா?

ஆகவே நாம் கேட்பது ஒன்றே. தேர்ச்சி விழுக்காட்டின் பக்கத்திலே இன்னொரு கட்டம் போடுங்கள். சேர்ந்தவர் எத்தனை, எழுதியவர் எத்தனை, நின்றவர் எத்தனை? ஆண் எத்தனை, பெண் எத்தனை? 2011 கணக்குப்படி ஐந்தில் ஒருவர் பட்டியல் இனத்தவரான இம்மாவட்டத்திலே, 2009இல் கலைஞர் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்த அருந்ததியர் வீட்டுப் பிள்ளைகள் எத்தனை பேர் பன்னிரண்டாம் வகுப்பைக் கண்டார்கள்? சிமெண்ட் ஆலை நிற்கும் ஆலங்குளத்திலிருந்து சிவகாசி வரை, ஊர் ஊராக எழுதுங்கள். தலைமையாசிரியர்களை மிரட்ட வேண்டாம். விழுக்காடு குறையுமே என்று பலவீனப் பிள்ளையை வெளியே தள்ளும் அச்சத்தை அவர்களிடமிருந்து அகற்றுங்கள்.

அந்தக் கணக்கிலே முதலிடம் பெறட்டும் விருதுநகர்! அன்றைக்கு மார்தட்ட நமக்கு இரண்டு கை போதாது!