வெள்ளியை விடாமல் பிடிக்கும் கரித்தாள்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய கல்பாக்கம் அணுமின் நிலையம் கடல்நீரைக் கொண்டுதான் தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கடலுக்குள் நீளும் பாலத்தின் முனையில் இறங்கும் நீர், ஏறக்குறைய 470 மீட்டர் நீளமுள்ள கடலடிச் சுரங்கத்தின் வழியே கரைக்கு வருகிறது. அந்த நீரோடு உயிர்களும் வருகின்றன. சுத்தமான உலோகத் தகட்டைக் கடல்நீரில் இறக்கினால் சில மணி நேரத்திலேயே பாக்டீரியாக்கள் அதில் குடியேறிவிடும். அவை தங்களைச் சுற்றி ஒரு பசையைச் சுரந்துகொள்ள, தகட்டைத் தொட்டால் விரல் வழுக்கும். பல சமயம் அந்த வழுக்கலை நம்பித்தான் கொட்டலசும் பச்சைச் சிப்பியும் பின்னால் வந்து ஒட்டுகின்றன. சிப்பி கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. குழாய்க்குள் படியும் மெல்லிய பசை தெரிவதில்லை, ஆனால் அதன் வெப்பம் கடத்தும் திறன் குழாய்க்குப் பயன்படும் செம்பு-நிக்கல் கலவையின் திறனில் மிகச் சிறு பங்குதான் இருக்கும். அதன் அடியில் உலோகமும் அரிக்கப்படுகிறது. இதே கரையில் நெம்மேலியில் இயங்கும் இரண்டு கடல்நீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் (2013-இல் திறந்தது நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர், 2024-இல் திறந்தது 15 கோடி லிட்டர்) பாக்டீரியாப் பசை தீராத தொல்லைதான்.

கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் 2020-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கேதான் முக்கியமாகிறது. கிராஃபீன் ஆக்சைடு என்ற கரித்தாள், இறால்-நண்டு ஓடுகளிலிருந்து கிடைக்கும் கைட்டோசான், வெள்ளி நுண்துகள் ஆகிய மூன்றையும் சேர்த்து செம்பு-நிக்கல் கலவையின் மேல் பூசினார்கள். அரிப்பும் குறைந்தது, பாக்டீரியா ஒட்டுவதும் குறைந்தது. இத்தகைய செய்திகளை நாம் வழக்கமாக எத்தனை பாக்டீரியா செத்தது என்ற கணக்காகவே படிக்கிறோம். என் வாதம் வேறு. வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது பழைய சேதி. நீரிலும் ஆக்சிஜனிலும் அதிலிருந்து வெளிப்படும் வெள்ளி அயனி, பாக்டீரியாவின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றை முடக்குகிறது. வெள்ளித் துகளைத் தனியே விட்டால் கட்டிதட்டிப் போகும், அல்லது நீரோடு போய்விடும். மிக மெல்லிய கிராஃபீன் ஆக்சைடு தாளின் மேலெல்லாம் ஆக்சிஜன் கொக்கிகள் உண்டு. துகள்கள் அவற்றில் தனித்தனியே ஊன்றிக்கொள்கின்றன. ஆக, கிராஃபீன் ஆக்சைடு இங்கே செய்யும் பெரிய வேலை கொல்வதல்ல, வெள்ளியைப் பிடித்து வைப்பது. இந்தப் பூச்சின் தரத்தையும் அந்தப் பிடியை வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

குளோரின் மலிவாகக் கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் குளோரின் குழாய்ச் சுவரோடு நிற்பதில்லை. ஓடிவரும் நீர் முழுவதையும் தாக்குகிறது, மிதவை உயிர்களையும் சேர்த்து. கடல்நீரின் புரோமைடோடு வினைபுரிந்து புரோமோஃபார்ம் போன்ற பொருள்களையும் உண்டாக்குகிறது. பசைக்குள் பதுங்கிய பாக்டீரியாவை எட்டவோ திணறுகிறது. குளோரினை அடியோடு நிறுத்திவிடலாம் என்று நான் சொல்லவில்லை. பூச்சு நீடித்து நின்றால் குளோரின் அளவைக் குறைக்கலாம், அதுவே இந்தக் கடலுக்குப் பெரிய லாபம்.

இன்னொரு எதிர்வாதம் எனக்கும் கவலை தருவது. கப்பல் அடிப்புறத்தில் பூசிய டிரைபியூட்டைல்டின் வண்ணப்பூச்சும் இப்படித்தான் வெற்றிக்கதையாகத் தொடங்கியது. பிரான்சின் ஆர்காஷோன் வளைகுடாவில் சிப்பி வளர்ப்பே நொடித்துப்போன பிறகுதான் 1982-இல் அந்நாடு அதைக் கட்டுப்படுத்தியது. உலகளாவிய தடை நடைமுறைக்கு வர 2008 ஆயிற்று. அந்தப் பூச்சு நஞ்சைக் கடலில் கசியவிட்டே வேலை செய்தது. வெள்ளியும் கசிந்தால் பக்கத்துக் கொக்கிலமேட்டு மீனவர் வலை வீசும் நீரில்தான் சேரும். கடல்நீரின் குளோரைடு வெள்ளியைப் பிணைத்து அதன் வீரியத்தைத் தணிக்கும் என்பது உண்மை. ஆனால் அதே குளோரைடு பூச்சிலுள்ள வெள்ளியையும் கரைத்தெடுக்கக்கூடும். பாக்டீரியா பழகிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. 1970-களிலேயே பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் வெள்ளி நைட்ரேட்டுக்கு அடங்காத சால்மோனெல்லா பரவியது. கசிவு குறையக் குறைய இந்த இரண்டு ஆபத்துமே குறையும். காலுறையிலும் துணி சோப்பிலும் வெள்ளித் துகளைக் கலந்து சாக்கடைக்கு அனுப்புவதை நான் எதிர்ப்பதும் இதனால்தான்.

பூச்சில் ஊசிமுனைத் துளை விழுந்தால் என்ன ஆகும்? மின்சாரம் கடத்தும் தூய கிராஃபீன் அந்த இடத்தில் அரிப்பை மேலும் விரைவுபடுத்தும் என்று 2013-இலேயே எச்சரிக்கை வந்துவிட்டது. கிராஃபீன் ஆக்சைடு மின்சாரத்தை எளிதில் கடத்தாது, கைட்டோசானும் இடைவெளிகளை அடைக்கும் என்பதால் இங்கே ஆபத்து குறைவு. எனினும் குழாய்க்குள் மணலோடு நீர் பாயும்போது துளை விழத்தான் செய்யும்.

ஆகவே ஆய்வகக் குடுவை போதாது. வடகிழக்குப் பருவமழையில் எடையூர், சதுரங்கப்பட்டினம் உப்பங்கழிகளின் முகத்துவாரம் திறந்து, கரையோர நீரின் உப்பு இறங்கும். கோடையில் மீண்டும் ஏறும். குளோரைடும் அதோடு ஏறி இறங்குவதால் வெள்ளியின் நடத்தையும் மாறும். பூசிய தகடுகளைக் கல்பாக்கம் கடல் பாலத்திலிருந்து ஓராண்டு முழுக்கத் தொங்கவிட்டு, ஒட்டிய பாக்டீரியாவை எண்ணுவதோடு பூசிய வெள்ளியில் எவ்வளவு மிச்சம் என்பதையும் மாதாமாதம் அளக்க வேண்டும். நாளை எந்த நிலையமாவது இதை வாங்க முன்வந்தால், ஒப்பந்தப்புள்ளியில் அந்த இரண்டாவது எண்ணையும் நிபந்தனையாக எழுத வேண்டும்.