மலைவாழ் பழங்குடியினருக்கான மருத்துவச்சி பயிற்சி

மருத்துவச்சி பயிற்சி என்பது கருவுற்ற தாயைக் கவனிக்கவும், இயல்பான பேற்றை நடத்தவும், ஆபத்தின் அறிகுறிகளை அறிந்து உரிய நேரத்தில் மருத்துவமனைக்கு அனுப்பவும் பெண்களைப் பழக்குவதாகும். சிற்றூர்கள் சிதறிக் கிடக்கும் மலைப்பகுதிகளில் இப்பயிற்சி உயிர் காக்கும் தேவையாக உள்ளது.

ஜவ்வாது மலையின் நிலை

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. இது திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரவியுள்ளது. ஜமுனாமரத்தூர் இதன் முக்கிய ஊர். இங்கு வாழ்வோரில் பெரும்பான்மையினர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இவர்கள் தமிழ் பேசுவோர். கேரளத்து மலையாளிகள் அல்லர். சாலை இல்லாத சிற்றூர்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வரும் நிலை இன்னும் முற்றிலும் மாறவில்லை.

மூன்று தாமதங்கள்

பேறுகால மரணங்களுக்கு மூன்று தாமதங்கள் காரணமாகக் கூறப்படுகின்றன.

1. மருத்துவ உதவி தேவை என்று முடிவெடுப்பதில் தாமதம்
2. மருத்துவமனையைச் சென்றடைவதில் தாமதம்
3. சென்ற இடத்தில் தக்க சிகிச்சை கிடைப்பதில் தாமதம்

பேற்றுக்குப் பிந்தைய கடும் இரத்தப்போக்கு சில மணி நேரத்திலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. எனவே, முதல் இரண்டு தாமதங்களைக் குறைக்க, பயிற்சி பெற்ற ஒருவர் ஊருக்கு அருகிலேயே இருப்பது அவசியம்.

பயிற்சி முறைகள்

முற்காலத்தில் ஊர் மருத்துவச்சிகள் அனுபவத்தால் மட்டுமே தொழில் கற்றனர். 1970களில் இந்திய அரசு அவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளித்தது. தூய கை, தூய பரப்பு, தூய பிளேடு, தூய நூல், தூய தொப்புள்கொடி என்னும் ஐந்து தூய்மைகள் கற்பிக்கப்பட்டன. தடுப்பூசியுடன் இத்தகைய தூய்மையும் பச்சிளங்குழந்தைகளின் இரணஜன்னியைக் குறைக்க உதவியது.

ஆனால் இரத்தப்போக்கு, வலிப்பு போன்ற சிக்கல்களைக் கையாள இக்குறுகிய பயிற்சி போதவில்லை. ஆகவே, அரசின் கவனம் மருத்துவமனைப் பேற்றின் பக்கம் திரும்பியது. தமிழகத்தில் கிராம சுகாதார செவிலியர்கள், 2008 முதல் 108 அவசர ஊர்தி, பழங்குடியினர் பகுதிகளில் பிரசவக் காத்திருப்பு அறைகள் ஆகியவை வந்தன. 2018இல் மத்திய அரசு, செவிலியர்களுக்கு 18 மாத மருத்துவச்சி பயிற்சி அளிக்கும் வழிகாட்டுதலை வெளியிட்டது.

சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கிடையே சிட்லிங்கி

தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கிலும் மலையாளிப் பழங்குடியினரே மிகுதி. 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி இருவரும் பழங்குடியினர் நல முன்முயற்சி என்னும் அமைப்பைத் தொடங்கினர். ஓலைக் குடிசையே முதல் மருத்துவமனை. அப்போது அங்கு பிறந்த 1,000 குழந்தைகளில் 147 பேர் ஓராண்டுக்குள் இறந்ததாக அவ்வமைப்பு பதிவு செய்துள்ளது. உள்ளூர்ப் பெண்களையே செவிலியர்களாகவும், ஊர்தோறும் ஒரு பெண்ணைச் சுகாதாரப் பணியாளராகவும் அவர்கள் பயிற்றுவித்தனர். பின்னர் அந்த இறப்பு விகிதம் பெருமளவு குறைந்தது.

உலக அனுபவம்

கனடாவின் வடகோடியில் இனுயிட் பெண்கள் பேற்றுக்காகத் தொலைதூர நகரங்களுக்கு அனுப்பப்பட்டு வந்தனர். 1986இல் புவிர்நிடுக் என்னும் ஊரில் மகப்பேறு மையம் தொடங்கப்பட்டு, இனுயிட் பெண்களுக்கு அங்கேயே மருத்துவச்சி பயிற்சி அளிக்கப்பட்டது.

சவால்கள்

துணைச் செவிலியர் படிப்பில் சேர மேல்நிலைப் படிப்பை முடித்திருக்க வேண்டும். மலையில் இடையில் படிப்பை நிறுத்தும் பெண்களுக்கு அக்கதவு மூடிவிடுகிறது. சமவெளியிலிருந்து நியமிக்கப்படுவோரோ விரைவில் இடமாற்றம் பெற விரும்புகின்றனர். மலையிலேயே வாழும் பெண் ஊரின் பழக்கவழக்கங்களை அறிவாள். அவள் சொல்லைக் குடும்பத்தாரும் கேட்பர். எனவே, மலைப்பெண்களின் பள்ளிக் கல்வி மருத்துவச்சி பயிற்சியின் முதற்படியாகும்.