உங்களுக்குத் தெரியுமா? நாஞ்சில் நாட்டுப் போரும் நாகர்கோவில்காரர் மெட்டும்

● குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித்தூண், 1741-ல் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக்காரர்களை வென்ற கதையைச் சொல்கிறது. நம் மாவட்டத்து மண்ணுக்காக ஏட்டில் நடந்த இன்னொரு போரும் உண்டு. குளச்சலுக்குக் கிழக்கே, தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்களில் வயலும் குளமுமாகக் கிடக்கிறதே நாஞ்சில் நாடு, அது யாருக்குச் சொந்தம் என்று சேரன் புருடோத்தமனும் பாண்டியன் சீவகனும் மோதிக்கொண்ட போர் அது. ‘மனோன்மணீயம்’ நாடகத்தில் நடப்பது.

● 1891-ல் இதை வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளை ஆலப்புழையில் பிறந்தவர். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். லிட்டன் பிரபு ஆங்கிலத்தில் எழுதிய ‘தி சீக்ரெட் வே’ கதையிலிருந்து கருவை மட்டும் எடுத்துக்கொண்டு, பாண்டியனையும் சேரனையும் நெல்லைக் கோட்டையையும் வைத்துத் தமிழாகவே சமைத்துவிட்டார். ஐந்து அங்கம், பெரும்பகுதி ஆசிரியப்பா. நடிப்பதைவிடப் படிப்பதற்கே ஏற்றது என்று புலவர்கள் சொல்லிவந்த நாடகம்.

● அதைப் படமாக்கத் துணிந்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். 1942-ல் ‘மனோன்மணி’ வந்தது. இயக்கம் டி.ஆர். சுந்தரம். பி.யு. சின்னப்பா சேர மன்னன்; டி.ஆர். ராஜகுமாரி மனோன்மணி. நடிப்பவர் தம் குரலிலேயே பாடிய காலம். ஏட்டில் அகவல் பேசிய புருடோத்தமன் திரையில் ராகம் பாடினான். பண்டிதர் முகம் சுளித்திருக்கலாம். ஆனால் நூலைக் கையால் தொடாதவர்களின் காதுக்கு அந்தக் கதையைக் கொண்டுபோய்ச் சேர்த்தது பாட்டுதான் என்பேன்.

● இனி எனக்கு மிகப் பிடித்த செய்தி. அந்தப் படத்துக்கு இசை டி.ஏ. கல்யாணம். அவரிடம் உதவியாளராக இருந்த இளைஞருக்கு, சின்னப்பா பாடும் ஒரு பாட்டுக்கு மெட்டுப் போடும் வாய்ப்புக் கிடைத்தது. திரையில் அவருக்கு அதுவே தொடக்கம். 1918-ல் பிறந்த அவருக்கு அப்போது வயது இருபத்துநான்கு. சொந்த ஊர் நாகர்கோவில் கிருஷ்ணன்கோவில். பெயரின் முன்னெழுத்தான ‘கே’ அந்த ஊர்தான். கே.வி. மகாதேவன்! நாஞ்சில் நாட்டுக்காக இரு வேந்தர்கள் சண்டையிட்ட கதைக்கு, நாஞ்சில் நாட்டில் பிறந்த ஒருவரின் மெட்டு. யாரும் திட்டமிட்டு இப்படி அமைத்திருக்க முடியாது. நம் பள்ளிப் பாடத்தில் இடம்பெற வேண்டிய செய்தி இது.

● மெட்டுக்குப் பாட்டு எழுதச் சொல்வது திரையுலக வழக்கம். மகாதேவனோ பாட்டை முதலில் எழுதி வாங்கி, சொல்லின் ஓட்டத்தைப் பார்த்து மெட்டமைப்பதையே விரும்பியவர். ‘திருவிளையாடல்’ பாடல்களில் ஒரு சொல்கூட உடையாமல் காதில் விழுவதற்குக் காரணம் அதுதான். சிறந்த இசையமைப்பாளருக்கான தேசிய விருதை முதன்முதலில் பெற்றவரும் அவரே. படம் ‘கந்தன் கருணை’, 1967.

● சுந்தரம் பிள்ளையின் நாடகத்துக்கு வாய்த்த பெரிய இசை இன்னொருவருடையது. அதன் தொடக்கத்திலுள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்திலிருந்து சில அடிகள் 1970-ல் அரசு விழாக்களுக்குரிய தமிழ்த்தாய் வாழ்த்தாயின. மோகன ராகத்தில் மெட்டமைத்தவர் எம்.எஸ். விஸ்வநாதன். 2021 டிசம்பரில் அது மாநிலப் பாடல் ஆனது. பாடி முடிக்க 55 விநாடி. குளச்சல் பள்ளிக்கூடங்களில் நாள்தோறும் அதைப் பாடும் பிள்ளைகளிடம், நம் நாஞ்சில் நாடு வரும் நாடகத்தின் முதல் பக்கம் அது என்று யாராவது சொல்லுங்களேன்.

● அந்தப் பாடலை வாழ்த்தாக அறிவித்தவர் முதல்வர் மு. கருணாநிதி. பம்மல் சம்பந்த முதலியாரின் பழைய நாடகமான ‘மனோகரா’ 1954-ல் படமானபோது வசனம் எழுதியவரும் அவரே. இசை எஸ்.வி. வெங்கட்ராமன்.

● சக்தி கிருஷ்ணசாமியின் நாடகத்திலிருந்து 1959-ல் வந்தது ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் சிவாஜி சிறந்த நடிகர் ஆனதை எல்லோரும் சொல்வார்கள். சிறந்த இசைக்கான விருதும் அதே படத்துக்குத்தான், வாங்கியவர் ஜி. ராமநாதன். அவர் பெயரையும் சேர்த்தே சொல்லிப் பழகுவோம்.

● தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ (1973), டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றிய அரு. ராமநாதனின் நாடகம். இசையமைத்தவர் வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன்.

● ‘மனோன்மணீயம்’ வெளிவந்த அதே 1891-ல், அதே திருவனந்தபுரத்திலிருந்து வந்த மலையாள நாவல் சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’. குளச்சலில் வென்ற அரசரின் இளமைக் கதை. 1933-ல் சுந்தர்ராஜ் அதை ஊமைப்படமாகத் தயாரித்தார். பதிப்புரிமை வழக்கால் வெளியானதும் முடங்கிப்போனது. பிரதி புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. குளச்சலில் ஒரு மாலை அதைத் திரையிட்டு, நம்மூர் நாதஸ்வர, தவில் கலைஞர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் காட்சிக்குக் காட்சி வாசிக்கச் செய்ய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. முன்வருபவர் யாராவது உண்டா?