அறிவியல் முகாமா? பணம் கட்டும் முன் இதைக் கேளுங்கள்!

முழு ஆண்டுப் பரீட்சை முடிவதற்குள்ளேயே நோட்டீஸ்கள் வீடு தேடி வந்துவிடுகின்றன. 'ரோபோ செய்யலாம்', 'ராக்கெட் விடலாம்', 'ஐந்தே நாளில் கோடிங்' என்று கோடைக்கால அறிவியல் முகாம்களுக்கு அழைப்பு. கட்டணம் பல இடங்களில் ஆயிரக்கணக்கில். இரண்டு பிள்ளைகள் உள்ள வீடென்றால் பட்ஜெட்டில் துண்டு விழும். கட்டுகிற பணத்துக்குப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சில கேள்விகளிலேயே தெரிந்துகொள்ளலாம்.

செய்வது யார்?

முதல் கேள்வி இதுதான். டார்ச் பேட்டரி, வட்டக் காந்தம், இரண்டு ஊக்குகள், ரப்பர் பேண்ட், எனாமல் பூசிய செம்புக் கம்பி. இவற்றை வைத்து ஒரு குட்டி மோட்டார் செய்துவிடலாம். கம்பியைச் சுருளாகச் சுற்றி, அதன் இரு முனைகளையும் ஊக்குகளின் வளையத்தில் நுழைக்க வேண்டும். ஒரு முனையில் எனாமலை முழுவதும் சுரண்ட வேண்டும். மறு முனையில் ஒரு பக்கம் மட்டும். இரண்டையும் முழுதாகச் சுரண்டினால் சுருள் சுற்றாமல் ஆடிக்கொண்டே நிற்கும். பாதிச் சுற்றில் முன்னே தள்ளும் விசை, அடுத்த பாதியில் பின்னே இழுப்பதுதான் காரணம்.

பயிற்சியாளரே செய்து காட்டினால் மோட்டார் உடனே சுற்றும், பிள்ளைகள் கைதட்டுவார்கள், வீட்டுக்கு வந்ததும் மறந்துவிடுவார்கள். பிள்ளையே செய்தால் முதல் தடவை பெரும்பாலும் சுற்றாது. ஏன் சுற்றவில்லை என்று தேடுகிற அந்த அரை மணி நேரத்துக்குத்தான் நீங்கள் பணம் கட்டுகிறீர்கள்.

விலை உயர்ந்த கிட் தேவையா?

தேவையில்லை என்று காட்டியவர் அர்விந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி-யில் படித்த இவர், 1970-களின் இறுதியில், வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளுக்குப் போனார். அங்கே 1972-லேயே, பிள்ளைகள் தாங்களே சோதனை செய்து படிக்கும் திட்டம் தொடங்கியிருந்தது. சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சிகளையும் இணைத்து வடிவங்கள் செய்யும் முறையை அவர் அங்கேதான் உருவாக்கினார். பிறகு, குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். 2018-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

எனவே, 'கிட் உண்டா?' என்று கேட்பதைவிட, 'ஒரு கிட்டுக்கு எத்தனை பிள்ளைகள்? செய்ததை வீட்டுக்குக் கொண்டு வரலாமா?' என்று கேளுங்கள். ஐந்து பேருக்கு ஒரு ரோபோ என்றால், நான்கு பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம்

மின்னும் வாழ்த்து அட்டை, குட்டி டார்ச் போன்றவற்றில் பட்டன் பேட்டரி பயன்படுத்துவார்கள். சிறு குழந்தை அதை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்து புண்ணாகலாம். சிறிய காந்தங்கள் ஒன்றுக்கு மேல் வயிற்றுக்குள் போனால் குடலைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அப்படி நடந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். சால்டரிங், சூடான பசை வேலைகளின்போது அருகில் பெரியவர் இருப்பாரா என்றும் கேளுங்கள். முகாமில் செய்ததைப் பிள்ளை வீட்டுக்குக் கொண்டு வந்தால், தம்பி தங்கை கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பணம் இல்லையென்றால்?

அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக, 2022-ல் 'வானவில் மன்றம்' தொடங்கப்பட்டது. கையால் செய்து பார்க்கும் அறிவியல், கணிதச் சோதனைகளே இதன் நோக்கம். உங்கள் பிள்ளையின் பள்ளியில் எப்போது நடக்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழையும் வாங்கிக் கொடுக்கலாம்.

வீட்டிலேயே தொடங்கலாம். மருந்து முனையை நீக்கிய தீக்குச்சிகளையும் வால்வு டியூப் துண்டுகளையும் கொடுத்து, ஒரு சதுரமும் ஒரு முக்கோணமும் செய்யச் சொல்லுங்கள். அழுத்தினால் சதுரம் சாய்ந்துவிடும், முக்கோணம் அசையாது. அடுத்த முறை வெளியே போகும்போது செல்போன் டவரைக் காட்டுங்கள். அதில் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்பதைப் பிள்ளையே சொல்லும்.

முகாமுக்கு அனுப்பினாலும் சரி, வீட்டில் செய்தாலும் சரி, சாயங்காலம் 'இன்னைக்கு என்ன கத்துக்கிட்டே?' என்று கேட்டால் 'ஒண்ணுமில்லம்மா' என்ற பதில்தான் வரும். 'இன்னைக்கு எது வேலை செய்யல? அப்புறம் என்ன பண்ணினே?' என்று கேட்டுப் பாருங்கள். நல்ல முகாம் என்றால், பதில் சொல்லி முடிக்கச் சாப்பாட்டு நேரம் போதாது!