மழைக்கும் காசோலைக்கும் என்ன சம்பந்தம்?

பாடப் புத்தக ஆங்கிலம் கற்ற கால் சென்டர் இளைஞர்களுக்கு அமெரிக்கப் பேச்சு வழக்கு வைக்கும் பரீட்சை

சலுகைத் திட்டத்தை விளக்கி முடித்ததும், ‘ரெயின் செக்’ எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார் மறுமுனையிலிருக்கும் அமெரிக்கர். மழை தெரியும், செக்கும் தெரியும். இரண்டும் சேர்ந்தால்? காசோலை அனுப்பப் போகிறார் என்று நினைத்து விலாசம் சொல்ல ஆரம்பித்தால் கதை கந்தல். “இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம்” என்பதுதான் அவர் சொன்னது. 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால் இன்னொரு நாள் வந்து பார்க்க ரசிகர்களுக்குத் தரப்பட்ட சீட்டின் பெயர் அது.

பெங்களூருக்குத் தெற்கே தமிழக எல்லையைத் தொட்டு நிற்கும் ஆனேக்கல் தாலுகாவில் இது வெறும் அகராதி விவகாரம் அல்ல. ஒட்டினாற்போல் எலக்ட்ரானிக் சிட்டி. இன்ஃபோசிஸ் 2002-ல் புரோஜியான் என்ற துணை நிறுவனத்தைத் துவக்கியது. அந்த ஆண்டுகளில் பெருகிய கால் சென்டர்கள், வீட்டில் கன்னடமோ தமிழோ தெலுங்கோ பேசும் பட்டதாரிகளுக்கு இரவு வேலையைத் திறந்துவிட்டன. அங்கே வேலை இழந்தவர்கள் ‘பேங்களூர்ட்’ ஆகிவிட்டதாகச் சொல்லிக்கொண்டார்கள். ஊர்ப் பெயரே வழக்குச் சொல்லாகிவிட்டது!

அழைப்புக்கு எடுத்துக்கொண்ட நேரமும் வாடிக்கையாளர் தரும் மதிப்பெண்ணும் ஊழியர் கணக்கில் ஏறும். புரியாமல் திரும்பத் திரும்பக் கேட்டால் நேரம் போகும். புரிந்ததுபோல் நடித்தால் மதிப்பெண் போகும்.

தொல்லையின் வேர் பெரும்பாலும் விளையாட்டு மைதானத்தில் இருக்கிறது. ‘பால்பார்க் ஃபிகர்’ என்றால் உத்தேசக் கணக்கு. ‘டச் பேஸ்’ என்றால் தொடர்புகொண்டு பேசுவது. ‘கர்வ்பால்’ எதிர்பாராத சிக்கல். எல்லாம் பேஸ்பால். நம்மவர்கள் கரைத்துக் குடித்ததோ கிரிக்கெட். ‘ஸ்டிக்கி விக்கெட்’ என்று இவர்கள் சொன்னால் அமெரிக்கர் முழிப்பார்.

ஆங்கிலேயருக்கும் அமெரிக்கருக்குமே இந்த இடி உண்டு. ஒரு விஷயத்தை ‘டேபிள்’ செய்வது என்றால் பிரிட்டனில் உடனே விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிவைப்பது. இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகள் இந்த ஒரு சொல்லுக்காக நீண்ட நேரம் வாதாடியதை சர்ச்சில் எழுதி வைத்திருக்கிறார்.

‘500 மரபுத் தொடர்கள்’ பாணிப் புத்தகங்களை நெட்டுருப் போடுவதால் அதிகப் பயனில்லை. ‘அல்வா கொடுத்தான்’ என்பதை அகராதி பார்த்தா தமிழர்கள் கற்றார்கள்? வெளியூரிலிருந்து பெங்களூர் பஸ்ஸில் ஏறியவருக்கு ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’ ஒரே நாளில் புரிந்துவிடுகிறது. யார், யாரிடம், எந்தக் குரலில் சொன்னார் என்பதோடு சேர்ந்து வரும்போதுதான் வழக்குச் சொல் மனதில் ஒட்டும். பயிற்சி வகுப்புகளில் ‘ஃப்ரெண்ட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரைப் போட்டுக் காட்டியது இதற்காகத்தான்.

இப்போது உச்சரிப்பை இயந்திரமே மாற்றித் தருகிறது. டெலிபெர்ஃபார்மன்ஸ் நிறுவனம் தன் இந்திய ஊழியர்களின் உச்சரிப்பை அழைப்பின்போதே மென்மையாக்கும் மென்பொருளைப் பயன்படுத்துவதாக 2025-ல் செய்தி வந்தது. ஆனால் அது மாற்றுவது ஒலியை. மறுமுனை சொன்னதன் பொருளை ஊழியர்தான் பிடிக்க வேண்டும்.

பிடிப்பது வேறு, பேசுவது வேறு. அரைகுறையாகத் தெரிந்த தொடரை எடுத்துவிட்டால் கிண்டலாகக்கூடத் தொனிக்கலாம். புரியாத தொடர் வந்தால், தான் ஊகித்த பொருளை எளிய ஆங்கிலத்தில் சொல்லி, “அதைத்தானே சொல்கிறீர்கள்?” என்று கேட்டுவிடுவது உத்தமம். ஊகம் தவறென்றால் வாடிக்கையாளரே திருத்திவிடுவார்.