மண்ணறிந்து விதைப்போம்

நம் பசுவந்தனைப் பக்கத்தில் விதைப்பதற்கு முன் ஒருவர் என்ன செய்வார்? மண்ணைப் பார்ப்பார், ஈரத்தைப் பார்ப்பார். மழையை நம்பிய கரிசல் புஞ்சையில் உளுந்தும் பாசியும் பருத்தியும் விதைப்பாரே தவிர, நஞ்சை நெல்லை யாராவது இலவசமாகக் கொடுத்தார்கள் என்பதற்காக அதைக் கொண்டுவந்து தூவமாட்டார். புத்தகமும் விதைதான். அதைக் கொடுப்பதற்கும் இந்த விவேகம் வேண்டும்.

வெளியூரிலும் வெளிநாட்டிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், தங்கள் குழந்தைகள் படித்து முடித்த ஆங்கிலக் கதைப் புத்தகங்களை ஊர்ப் பள்ளிக்கு அனுப்ப விரும்புகிறார்கள். இது நல்ல மனம். ஆனால் பெட்டி வந்து சேர்ந்த பிறகு அந்தப் புத்தகங்களை யார் படிப்பார்கள் என்பதையும் நாம் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

1998ஆம் ஆண்டு ஜான் வுட் என்ற அமெரிக்கர் நேபாள மலைகளில் பயணம் செய்தபோது ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே நூலகம் என்ற பெயரில் ஓர் அறை இருந்தது. புத்தகங்களோ மிகச் சில. அவையும் வெளிநாட்டுப் பயணிகள் விட்டுச்சென்ற, பெரியவர்களுக்கான நாவல்கள். பிள்ளைகள் கிழித்துவிடக் கூடாது என்று அவற்றைப் பூட்டி வைத்திருந்தார்கள். அவர் நண்பர்களிடம் கேட்டு ஆயிரக்கணக்கில் ஆங்கிலப் புத்தகங்களைச் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். 2000ஆம் ஆண்டில் 'ரூம் டு ரீட்' என்ற அமைப்பு பிறந்தது. ஆனால் ஆங்கிலப் புத்தகம் மட்டும் போதாது என்பது சில ஆண்டுகளிலேயே அவர்களுக்குப் புரிந்தது. அந்தந்த நாட்டு எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் கொண்டு, பிள்ளைகளின் தாய்மொழியிலேயே புத்தகம் போடத் தொடங்கினார்கள். இலங்கையில் சிங்களத்திலும் தமிழிலும் அப்படிப் புத்தகங்கள் வந்தன.

இந்தப் பாடம் நம் மண்ணுக்குப் புதிதல்ல. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் நம் காமநாயக்கன்பட்டியில் பணிசெய்தவர். தம் மொழியை மக்கள் கற்கட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. தாமே தமிழைக் கற்று, சிரிக்கச் சிரிக்கப் பரமார்த்த குருவின் கதையைத் தமிழில் எழுதினார். அந்தக் கதை 1822இல் லண்டனில் அச்சானபோது, தமிழும் ஆங்கில மொழிபெயர்ப்பும் ஒரே நூலில் வந்தன. அங்கே ஆங்கிலம் தமிழின் இடத்தைப் பிடிக்கவில்லை, அதன் பக்கத்தில் வந்து அமர்ந்தது.

அப்படியானால் ஆங்கிலம் வேண்டாமா? வேண்டும். மேற்படிப்புக்கும் வேலைக்கும் நம் பிள்ளைகளுக்கு அது தேவை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் ஆங்கிலக் கதைப் புத்தகம், தீப்பெட்டி ஆலைக்கு வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்கும் கிடைக்க வேண்டும். ஆனால் தாய்மொழியில் கதை படித்துச் சுவை கண்ட பிள்ளைக்குத்தான் அடுத்த மொழியும் எளிதாக வசப்படும்.

எனவே கொடுக்குமுன் சிலவற்றைக் கவனிப்போம். முதலில் ஆசிரியரிடம் கேட்போம்: எந்த வகுப்புக்கு, எத்தகைய புத்தகம், எத்தனை வேண்டும்? தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் புத்தகங்களை 'நுழை, நட, ஓடு, பற' என்று படிப்படியாகப் பிரித்திருக்கிறது. நாமும் அப்படியே, நுழைகிற பிள்ளைக்குப் படமும் ஓரிரு வரியும் உள்ள புத்தகத்தைக் கொடுப்போம். ஒரே பக்கத்தில் தமிழும் ஆங்கிலமும் உள்ள புத்தகம் இன்னும் நல்லது. கிழிந்ததையும், பழைய தேர்வு வழிகாட்டிகளையும் தள்ளிவிடும் இடமாகப் பள்ளியை ஆக்க வேண்டாம். கொடுத்தவை பீரோவில் பூட்டிக் கிடக்கவும் வேண்டாம். பிள்ளைகள் கையில் பட்டுக் கிழிந்தால், அந்தப் புத்தகம் தன் வேலையைச் செய்தது என்றே பொருள்.

திருத்தூதர் பணிகள் 8ஆம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அதிகாரி தேரில் அமர்ந்து இறைவாக்கினர் நூலைப் படித்துக்கொண்டிருக்கிறார். கையில் ஏடு இருக்கிறது, பொருள் விளங்கவில்லை. பிலிப்பு எட்ட நின்று போதிக்கவில்லை. தேரில் ஏறி, அருகில் அமர்ந்து விளக்குகிறார். நம் பள்ளிகளுக்கும் அத்தகைய பிலிப்புகள் தேவை. கல்லூரியில் படிக்கும் அண்ணனோ அக்காவோ, ஓய்வுபெற்ற ஆசிரியரோ, வாரத்தில் ஒரு மணி நேரம் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தை வாசித்துக் காட்டலாமே!

பெட்டியை அனுப்புவது ஒருநாள் வேலை. பக்கத்தில் உட்காருவதுதான் கொடை. இந்த ஐப்பசி விதைப்பு முடிந்ததும் அதையும் தொடங்குவோம்.