அழுத்தப் புண்

அழுத்தப் புண் (படுக்கைப் புண்) என்பது தோலையும் அதன் கீழுள்ள திசுக்களையும் நெடுநேரம் தாக்கும் விசைகளால் உண்டாகும் காயம் ஆகும். எலும்பு புடைத்த முதுகடி, இடுப்புப் பக்கம், குதிகால் ஆகிய இடங்களில் இது மிகுதி. எடை சிறு பரப்பில் குவிவதால் நுண்குழாய்கள் நசுங்கிக் குருதியோட்டம் தடைப்படுகிறது. உயிரணுக்களும் உருத்திரிந்து சிதைகின்றன. எலும்பை ஒட்டிய தசை தோலைவிட எளிதில் நலியும். ஆகவே மேலே சிவப்பு மட்டும் தெரிகையிலேயே உள்ளே சேதம் பெரிதாக இருக்கலாம்.

கட்டிலின் தலைப்புறத்தை உயர்த்தினால் உடல் கீழே சறுக்கும். தோலோ விரிப்பில் ஒட்டி நிற்கும். இந்தச் சறுக்கு விசை உள்ளிருக்கும் குருதிக் குழாய்களை இழுத்து வளைக்கிறது. ஈரத்தோலில் உராய்வும் கூடும்.

உணர்வுள்ளவர் தம்மையறியாமலே புரண்டுகொள்வார். உணர்விழந்தவரால் அது இயலாது. பாதத்திற்கும் இதுவே பொருந்தும். 1946 இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதப்புண்கள் சதை தானாக அழுகி வருபவை அல்ல, உணரப்படாத அழுத்தத்தால் வருபவை என்று காட்டினார். எடையைப் பாதம் முழுதும் பரப்பும் மென்மையான இரப்பர் காலணிகள் அதன்பின் பரவின. சென்னை அடையாற்றில் 1948 இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நீரிழிவு நோயாளிகளுக்கும் இத்தகைய காலணிகளை வடிவமைத்துள்ளது.

படுக்கையில் இருப்போரை அடிக்கடி புரட்டிப் படுக்கவைத்தல் வேண்டும். வீடுகளில் விரும்பி வாங்கப்படும் வளைய வடிவ மெத்தை உண்மையில் தீங்கானது. அது அழுத்தத்தை வளையத்தின் விளிம்பில் குவிக்கிறது.